ஒரு சிறு பையும் பழைய சைக்கிளுமாகப் பயணம் போவதில் அப்படி என்ன கிடைக்கிறது?

கூடாரம், அடுப்பு, விலை உயர்ந்த சைக்கிள் எதுவும் இல்லாமல் போவதையும் சாகசப் பயணம் என்று சொல்லலாமா, போனால் என்ன கிடைக்கும் என்று கேட்டிருக்கிறீர்கள். நான் யாழ்ப்பாணத்தில் இருப்பவன். ஆறு ஆண்டுகளாகத் தீவுப் பக்கமும் வடமராட்சிப் பக்கமும் சைக்கிளில் போய் வருகிறேன். முதல் கேள்விக்குத் தாராளமாகச் சொல்லலாம் என்பதே என் பதில். இரண்டாவதற்குத்தான் கொஞ்சம் எழுத வேண்டும்.

முதல் பயணத்தில் நானும் எல்லாவற்றையும் கட்டிக்கொண்டுதான் போனேன். இரவல் கூடாரம், காஸ் அடுப்பு, இரண்டு சட்டி, அரிசி, பருப்பு, நான்கு நாளுக்கான உடுப்பு. கரியரின் இரண்டு பக்கமும் பைகள் தொங்கின. நெடுந்தீவு போவதாகத் திட்டம். யாழ்ப்பாணத்திலிருந்து குறிகாட்டுவான் இறங்குதுறை 30 கிலோமீற்றர் அளவில்தான் இருக்கும். ஆனால் அது ஆடி மாதம், சோளகக் காற்று எழும்பி வீசும் காலம். வேலணையையும் புங்குடுதீவையும் இணைக்கக் கடலுக்குக் குறுக்கே போட்ட தெருவான வாணர் தாம்போதியில் ஏறியதும் இரண்டு பக்கமும் கடல், ஒதுங்க ஒரு மரம் இல்லை. அந்தப் பைகள் பாய் விரித்ததுபோலக் காற்றைப் பிடித்துக்கொண்டன. இறங்கித் தள்ளினேன். தள்ளும்போதே பின்சில்லில் இரண்டு கம்பிகள் உடைந்தன. இறங்குதுறைக்குப் போய்ச் சேர்ந்தபோது கடைசிப் படகு போய்விட்டது. கொண்டுபோன அரிசியை அவிழ்க்காமலே பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு வீடு திரும்பினேன்.

அடுத்த பயணம் பங்குனியில். காற்று அடங்கியிருந்தது. பையைச் சந்திக் கடைத் தராசில் வைத்துப் பார்த்தேன், தண்ணீர் சேர்க்காமல் 4 கிலோவுக்குச் சற்றுக் குறைவு. அதில் என்ன இருந்தது என்று சொல்லிவிடுகிறேன்: ஒரு மாற்று உடுப்பு, சாரம் (லுங்கி), கைவிளக்கு, ரியூப் ஒட்டுப்போடும் பெட்டி, காற்றடிக்கும் சின்னப் பம், இரண்டு மூன்று மாத்திரை, ஒரு கட்டுப் புழுக்கொடியல், ஒரு ஓலைக் குட்டானில் பனங்கட்டி.

சாரத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். குளிக்கும்போது அதுதான் உடுப்பு, குளித்தபின் அதுதான் துவாய். இரவில் போர்வை. நண்பகலில் தண்ணீரில் நனைத்துத் தலையில் சுற்றிக்கொண்டால் அரை மணி நேரத்துக்கு வெயில் தெரியாது. படகில் சைக்கிளைக் கட்டக் கயிறு போதாதபோது அதை முறுக்கிக் கட்டியிருக்கிறேன். ஐந்து பொருள் செய்கிற வேலையை எங்கள் வீட்டுக் கொடியில் கிடக்கும் ஒரு துணி செய்கிறது. புழுக்கொடியலும் அப்படித்தான். அவித்துக் காயவைத்த பனங்கிழங்கு பழுதாகாது, நசுங்காது. மென்று தின்ன நேரம் எடுக்கும், பசியும் அடங்கும். எங்கள் பனையிலிருந்து கிடைக்கும் இந்த உணவைவிட நல்ல பயணச் சாப்பாட்டைக் கடையில் நான் கண்டதில்லை.

அந்தப் பயணத்தில் விடியற்காலையில் பண்ணைத் தாம்போதியில் ஏறினேன். களப்பில் சிறகு வலைக் கம்புகள் வரிசையாக நின்றன. ஒருவர் இடுப்பளவு தண்ணீரில் நின்று வலையிலிருந்து இறாலை எடுத்துக்கொண்டிருந்தார். அப்பால் பூநாரைகள், தலையைத் தண்ணீருக்குள் விட்டபடி. அந்த வழியால் பஸ்ஸில் நூறு தடவை போயிருப்பேன், அந்தக் கம்புகளின் உச்சியில் ஒவ்வொன்றிலும் ஒரு பறவை இருப்பதை அன்றுதான் பார்த்தேன்.

குறிகாட்டுவானில் படகுக்காரர் என் சைக்கிளை ஒரு கையால் தூக்கிக் கூரையில் வைத்தார். "இவ்வளவுதானா தம்பி?" என்று கேட்டார். ஒரு மணி நேரத்தில் நெடுந்தீவு. பவளக்கற்களை அடுக்கிக் கட்டிய மதில்களுக்கு இடையால் ஒழுங்கைகள் ஓடுகின்றன. சாந்து இல்லை, கல்லின் மேல் கல்தான். அந்தக் கல்லைத் தொட்டுப் பாருங்கள், ஒவ்வொன்றிலும் பூப்போல வரிகள் இருக்கும். போர்த்துக்கேயர், ஒல்லாந்தர் காலத்தில் வந்த குதிரைகளின் வழிவந்தவை இன்னும் வெளியில் கூட்டமாக மேய்கின்றன. வாகனச் சத்தம் கேட்டால் விலகிப் போய்விடும். சைக்கிளைச் சரித்துவிட்டு மதில் நிழலில் குந்தியிருந்தேன். ஒரு தாயும் குட்டியும் மேய்ந்தபடியே பத்தடி தூரம் வரை வந்தன. தாய் புல்லைப் பிடுங்குகிற சத்தம்கூடக் கேட்டது.

இரண்டாம் நாள் திரும்பி வந்து ஊர்காவற்றுறைக்குப் போகும் வழியில் முன்சில்லில் காற்றுப் போனது. ஒரு வேலி ஓரமாக இறக்கி ரியூப்பை வெளியே எடுத்தேன். வீட்டுக்குள்ளிருந்து பார்த்துக்கொண்டிருந்த ஆச்சி, நான் கேட்காமலே ஒரு பேசினில் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார். ரியூப்பைக் கொஞ்சம் கொஞ்சமாக அமுக்கிப் பார்த்தோம். வால்வுக்குக் கிட்ட ஒரு ஊசிமுனைக் குமிழி வந்தது. "இதோ, இங்கே" என்று முதலில் கண்டுபிடித்தவர் அவர்தான். பிறகு எந்த இடம், யாருடைய பிள்ளை என்ற விசாரணை. ஒட்டு இறுகும்வரை விறாந்தையில் இருந்து சாயத் தேநீர் குடித்தோம். பனங்கட்டியைக் குட்டானோடு நீட்டினேன். ஒரு துண்டைக் கடித்துக்கொண்டு, கனடாவில் இருக்கும் மகனுக்கும் இதைத்தான் அனுப்புவதாகச் சொன்னார்.

என்ன கிடைக்கிறது என்று கேட்டீர்கள் அல்லவா? எனக்குக் கிடைப்பது பெரும்பாலும் இதுதான். எல்லாவற்றையும் கட்டிக்கொண்டு போனவனுக்கு யாரிடமும் எதுவும் தேவைப்படாது, ஆகையால் யாரும் வந்து பேசவும் மாட்டார்கள். குறைவாகக் கொண்டுபோனால் தண்ணீருக்கு ஒரு வீட்டுப் படலையில் நிற்க வேண்டும், சாப்பாட்டுக்கு ஒரு கடைக்குள் நுழைய வேண்டும், வழியை ஒரு மனிதரிடம் கேட்க வேண்டும். அப்படிக் கேட்கும்போதுதான் ஊர் நமக்குத் திறக்கிறது.

கூடாரம் இந்தக் குடாநாட்டுக்குத் தேவையே இல்லை என்பது என் உறுதியான கருத்து. ஒரு கோயில் மடமோ, தெரிந்தவரின் தெரிந்தவர் வீடோ எங்கேயும் இருக்கும். தொண்டைமானாற்றில் செல்வச்சந்நிதி முருகனை அன்னதானக் கந்தன் என்றே சொல்வார்கள். வல்லை வெளியில் எதிர்காற்றோடு மல்லுக்கட்டிவிட்டு அங்கே போய் இலைக்கு முன்னால் இருந்தால், எந்த ஊர் என்றுகூடக் கேட்காமல் சோறு விழும். அந்தச் சந்நிதியிலிருந்துதான் கதிர்காமத்துக்குப் பாதயாத்திரை புறப்படுகிறது. கிழக்குக் கரை வழியாக, கடைசியில் காட்டுக்குள்ளாலும், ஒன்றரை மாதத்துக்கும் மேலாக நடப்பவர்கள் தோளில் ஒரு துணிப்பையோடு போகிறார்கள். சுமை குறைத்துப் போவதை நாம் வெளிநாட்டாரிடம் கற்க வேண்டியதில்லை.

தண்ணீரில் மட்டும் சிக்கனம் பார்க்க வேண்டாம். தீவுகளில் பல கிணறுகள் உவர். இரண்டு லீற்றருக்குக் குறையாமல் கொண்டு போங்கள். தை முதல் பங்குனி வரை நல்ல காலம்.

ஊர்காவற்றுறையிலிருந்து காரைநகருக்குக் கடலைத் தாண்ட வேண்டும், இல்லையென்றால் யாழ்ப்பாணம் திரும்பிச் சுற்றித்தான் போக வேண்டும். மனிதரையும் சைக்கிளையும் மோட்டார் சைக்கிளையும் ஏற்றிக்கொண்டு ஒரு தட்டையான மிதவை இங்கும் அங்கும் போய் வருகிறது. அதற்கு எங்கள் ஊரில் பெயர் பாதை. "பாதை வந்துவிட்டதா?" என்று கேட்டுக்கொண்டு கரையில் நிற்போம். முதல் பயணத்துச் சுமையோடு போயிருந்தால் இறக்கி ஏற்றவே இரண்டு பேர் வேண்டியிருக்கும். அந்த இரண்டாவது பயணத்தில் சைக்கிளை உருட்டிக்கொண்டு ஏறி, கம்பியில் சாய்ந்து, நடுக்கடலில் நிற்கும் கடற்கோட்டையைப் பார்த்தபடி போனேன். அக்கரையில் இறங்கி மிதித்தால் பொன்னாலைத் தாம்போதி, அதைத் தாண்டினால் வலிகாமம், மாலைக்குள் கீரிமலைக் கேணி.

இதையெல்லாம் எழுதும்போது அம்மாவை விட்டுவிட்டு எழுத முடியவில்லை. நான் பையைக் குறைக்கக் குறைக்க அவர் கூட்டுவார். இன்னொரு போர்வை, இன்னொரு பொதி சோறு, இன்னொரு சோடிச் செருப்பு. முன்பு எரிச்சல்பட்டிருக்கிறேன். 1995 ஐப்பசியில் போரால் வலிகாமம் முழுவதும் ஒரே இரவில் இடம்பெயர்ந்தபோது எனக்கு நான்கு வயது. மழைக்குள் நாவற்குழிப் பாலத்தைத் தாண்டும்போது அப்பா சைக்கிளைத் தள்ளினார், பாரில் நான் இருந்தேன். கரியரில் ஒரு சாக்கு அரிசி. அம்மாவின் கையில் பிறப்புச் சான்றிதழ்களும் காணி உறுதிப் பத்திரமும் வைத்த தகரப் பெட்டி. மற்ற எல்லாம் வீட்டோடு போயின. குறைவாக எடுத்துக்கொண்டு புறப்படுவது எனக்கு விருப்பம், அவருக்கு அது அந்த இரவு. இதைப் புரிந்துகொள்ள எனக்கு இவ்வளவு பயணங்கள் தேவைப்பட்டன.

போன மாதம் நெடுந்தீவுக் குதிரைக் குட்டியைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தபோது, தானும் வருவதாகச் சொன்னார். அவர் பஸ்ஸில் குறிகாட்டுவான் வரட்டும், நான் சைக்கிளில் வருகிறேன் என்று பேச்சு. என்ன எடுக்க வேண்டும் என்று கேட்டார். ஒரு சேலையும் மருந்தும் போதும் என்றேன்.

புறப்படுவதற்கு முதல் நாள் இரவு கதவோரம் ஒரு சின்னத் துணிப்பை இருந்தது. தூக்கிப் பார்த்தேன், என் பையைவிடப் பாரம் குறைவு. திறந்தால் ஒரு சேலை, மருந்துப் பெட்டி, அதற்கு அடியில் பொலித்தீனில் இறுகச் சுற்றிய காணி உறுதி. இருந்தபடியே மூடி வைத்துவிட்டு, என் ரியூப்பை ஒரு தடவை பார்த்துக்கொண்டு படுத்தேன்.