பல வருடம் சம்சு (மலிவுச் சாராயம்) குடித்தவர் ஒரே நாளில் நிறுத்தினால் ஏன் நடுங்குகிறார்?

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டங்களுக்கு நோட்டீஸ் தயாரிப்பவர் கேட்கிறார்: “‘இன்றே குடியை நிறுத்து’ என்று போடலாமா?” தினமும் நிறையக் குடிப்பவருக்கு அப்படி எழுதாதீர்கள்.

நிறுத்தியதும் வரும் நடுக்கம், வியர்வை, வாந்தி, தூக்கமின்மை இவற்றைத்தான் மது விலகல் என்கிறோம். மது மூளையை மந்தப்படுத்தும். தினமும் குடித்தால், அதை ஈடுகட்ட மூளை தன் வேகத்தைக் கூட்டிக்கொள்ளும். இரண்டு பேர் ஒரு கதவை எதிரெதிரே தள்ளும்போது ஒருவர் சட்டென்று விலகினால் மற்றவர் குப்புற விழுவார் இல்லையா, அதே கதைதான்.

கடைசியாகக் குடித்து 6 முதல் 24 மணி நேரத்தில் கை நடுங்கும். தேத்தண்ணி டம்ளரைச் சிந்தாமல் பிடிக்க முடியாது. வலிப்பு வந்தால் பெரும்பாலும் 48 மணி நேரத்துக்குள் வரும். 48 முதல் 96 மணி நேரத்துக்குள் சிலருக்குப் புத்தி தடுமாறும்; எறும்பு ஊர்கிறதென்று வெறும் பாயைத் தட்டிக்கொண்டே இருப்பார்கள். இந்தக் கட்டம் உயிரைப் பறிக்கலாம்.

ஆகவே இப்படி எழுதுங்கள்: “நிறுத்த நினைக்கிறீர்களா? முதலில் கிளினிக் கெசிஹாத்தான் (அரசு சுகாதார கிளினிக்) போங்கள். முன்பு வலிப்பு வந்திருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள்.” நடுக்கத்தை அடக்கும் மருந்தை மருத்துவர் நாளுக்கு நாள் குறைத்துக் கொடுப்பார், வைட்டமின் பி1 சேர்ப்பார், தேவையென்றால் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புவார். வலிப்போ குழப்பமோ வந்தால் அவசர எண் 999. அந்த எண் லயத்து மங்கல் விளக்கிலும் தெரிகிற அளவில் இருக்கட்டும். ‘குடிகாரன்’ என்ற சொல்லும் மண்டையோட்டுப் படமும் வேண்டவே வேண்டாம். அவமானப்பட்டவர் கிளினிக் வாசலை மிதிக்க மாட்டார்.

மூன்றாம் நாள் அவர் இல்லாததையெல்லாம் பார்ப்பது பேய் பிடித்ததால் அல்ல; மந்திரிக்கக் கூட்டிப்போகும் அந்த நேரத்தில் அவர் ஆஸ்பத்திரியில் இருக்க வேண்டும்.