மகளின் மாதவிடாயும் அப்பாவின் சீனியும்: கேள்வி பதில்

(மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களிலிருந்து பி.சி.ஓ.எஸ்., அதாவது ஹோர்மோன் குழப்பத்தால் பெண்களுக்கு மாதவிடாய் ஒழுங்கு தவறும் நோய் பற்றி வந்த கேள்விகளுக்கு ஹோர்மோன் கிளினிக்கில் பணிபுரியும் பெண் வைத்தியர் ஒருவரின் பதில்கள்.)

களுவாஞ்சிக்குடித் தாய்: மகளுக்கு 16 வயது. சாமத்தியப்பட்டு மூன்று வருடம். இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறைதான் மாதவிடாய். ஸ்கேன் செய்து சூலகத்தில் நீர்க்கட்டிகள் என்றார்கள். சத்திரசிகிச்சை செய்ய வேண்டுமா டொக்டர்?

வேண்டாம் அம்மா. ஸ்கேனில் தெரிபவை முழுதாக வளராமல் நின்றுபோன முட்டைப்பைகள். வெட்டி எடுக்க அங்கே எதுவும் இல்லை. இந்த வயதில் நல்ல சுகமான பிள்ளையின் சூலகமும் அப்படித் தெரியலாம். அதனால்தான் சாமத்தியப்பட்டு 8 வருடம் ஆகும்வரை ஸ்கேனை வைத்து இந்த நோயை முடிவுசெய்யக் கூடாது என்று 2023ஆம் ஆண்டின் சர்வதேச வழிகாட்டி சொல்கிறது. மகளுக்கு மாதவிடாய் ஒழுங்கில்லை என்பது தெரிகிறது. ஆண் ஹோர்மோன் கூடியிருக்கிறதா, நாடியிலும் வயிற்றிலும் தடித்த மயிர் வளர்கிறதா என்று பார்க்க வேண்டும். தைரொயிட், புரோலக்டின் (பால் சுரக்கவைக்கும் ஹோர்மோன்) இரண்டையும் சோதித்து, அவை காரணமில்லை என்று உறுதிசெய்ய வேண்டும்.

அதோடு இரத்தத்தில் சீனியைப் பாருங்கள். இந்த நோய் உள்ள பலருக்கு இன்சுலின் சரிவர வேலை செய்வதில்லை. ஸ்கேனுக்குக் கேட்டதும் காசு கட்டுகிறோம், சீனிப் பரிசோதனையைக் கேட்டுவாங்குவதே இல்லை. வெறுவயிற்றில் இரத்தம் எடுத்து, 75 கிராம் குளுக்கோஸ் கரைத்துக் குடிக்கக் கொடுத்து, 2 மணித்தியாலம் கழித்து மறுபடி எடுப்பார்கள். வெறுவயிற்று அளவு சரியாக இருந்தும் இரண்டாவது அளவு 140ஐ (mg/dL) தாண்டிவிடுகிற பெண்களை நான் ஓயாமல் பார்க்கிறேன்.

அக்கரைப்பற்று மாணவி: ஐந்து மாதமாக மாதவிடாய் இல்லை. உடம்புக்கு ஒன்றும் செய்யவில்லை. அப்படியே விடலாமா?

விடக் கூடாது தங்கச்சி. 90 நாள் தாண்டினால் வைத்தியரிடம் போக வேண்டும். கருப்பையின் உட்படலம் கழியாமல் தடித்துக்கொண்டே போகும். வருடக்கணக்கில் அப்படி இருந்தால் அந்த இடத்தில் புற்றுநோய் வரும் வாய்ப்புக் கூடுகிறது. அதைக் கழியவைக்க மாத்திரை இருக்கிறது. சீனியையும் பார்த்துக்கொண்டு வாருங்கள்.

வாழைச்சேனை: கல்யாணம் செய்துவைத்தால் சரியாகிவிடும் என்கிறார்கள்.

ஆகாது.

காரைதீவு ஐயா: மகளுக்கு இந்த வருத்தம். கிளினிக்கில் என்னையும் சீனி பார்க்கச் சொல்கிறார்கள். எங்கள் பக்கத்தில் பிள்ளைகள் தாயின் குடியை, அதாவது தாயின் பரம்பரையைச் சேர்ந்தவர்கள். தாய்க்கும் அம்மம்மாவுக்கும் சீனி இருக்கிறது. எனக்கு எதற்கு?

ஐயா, நம் பக்கத்தில் குடி தாய்வழியில் வருகிறது, வீடு வளவு பெண்பிள்ளைக்குப் போகிறது. உடம்பு இரண்டு பக்கத்தாலும் வருகிறது. இந்த நோய்க்கான மரபணுக்களைத் தகப்பனும் கொடுக்கிறார். அவருக்குச் சூலகம் இல்லாததால் மாதவிடாயில் தெரிய வழியில்லை. சீனியாக, பிரஷராக, ஈரலில் கொழுப்பாக வெளிப்படலாம். பி.சி.ஓ.எஸ். உள்ள பெண்ணின் தகப்பனுக்கும் சகோதரனுக்கும் இவை வரும் வாய்ப்பு அதிகம்.

ஒரு பிள்ளை கிளினிக்குக்கு வந்தாள். கழுத்துக் கருமையை அழுக்கென்று நினைத்து, தேசிக்காய்ப் பாதியால் தேய்த்துத் தேய்த்துத் தோல் புண்ணாகியிருந்தது. இன்சுலின் சரிவர வேலை செய்யாததால் வரும் கருமை அது, தேய்த்தால் போகாது. பக்கத்தில் இருந்த தகப்பனைச் சேட்டுக் கொலரை விலக்கச் சொன்னேன். அவருடைய பிடரியிலும் அதே கருமை, அதே மடிப்புகளில். அவர் ஒருநாளும் சீனி பார்த்ததில்லை.

நிந்தவூர் சகோதரி: ஐயாவுக்கு ஒரு வார்த்தை. வாப்பாவுக்கு இளவயதிலேயே மாரடைப்பு. நாங்கள் உம்மாவின் வளவில் வளர்ந்தவர்கள். பெரியவாப்பா, சாச்சா எல்லோருக்கும் சீனி என்பது எனக்கு இந்த நோய் வந்து டொக்டர் கேட்ட பிறகுதான் தெரியும்.

இதைத்தான் சொல்ல வந்தேன். கல்யாணம் முடித்த ஆண் மனைவி வீட்டுக்கு வந்துவிடுகிறார். அவர் பக்கத்து நோய்க் கதை அவருடைய தாயின் வீட்டிலேயே தங்கிவிடுகிறது. தாயைப் போல பிள்ளை, நூலைப் போல சேலை என்று சொல்லிச் சொல்லியே வளர்ந்திருக்கிறோம். கிளினிக்கில் "குடும்பத்தில் யாருக்குச் சீனி?" என்று கேட்டால், அம்மம்மா வரை ஒப்புவிக்கிற பிள்ளைக்கு அப்பாவின் அண்ணனைப் பற்றிச் சொல்லத் தெரிவதில்லை.

காரைதீவு ஐயா: அப்படியானால் பழி என்மீதா?

பழி யார்மீதும் இல்லை ஐயா. மகளின் நோய் உங்களுக்கு முன்கூட்டியே சொல்லிவிட்டது, அதைக் கேளுங்கள் என்கிறேன். இடுப்பைச் சுற்றி நாடா பிடித்துப் பாருங்கள். நம் ஆண்களுக்கு 90 சென்ரிமீற்றர், பெண்களுக்கு 80 தாண்டக் கூடாது. 35 வயதைத் தாண்டியவர்களுக்கு அரசாங்க வைத்தியசாலைகளில் தொற்றாநோய்ப் பரிசோதனை இலவசம். வரிசையில் எப்போதும் பெண்களைத்தான் காண்கிறேன்.

திருக்கோவில்: சோற்றை அடியோடு விட வேண்டுமா?

வேண்டாம். கோப்பையில் பாதியை மரக்கறியும் கீரையும் பிடிக்கட்டும். மீன் தாராளமாக இருக்கட்டும், சோறு கால்வாசி. பிட்டுக்குச் சீனியும் வாழைப்பழமும் சேர்த்துப் பிசைவதை விடுங்கள். நாளுக்கு நான்கு பிளேன்டீ, ஒவ்வொன்றிலும் இரண்டு கரண்டி சீனி என்றால் முதலில் அதைக் குறையுங்கள். எடை கூடியவர்கள் அதில் 5 முதல் 10 வீதம் குறைத்தாலே பலருக்கு மாதவிடாய் ஒழுங்குக்கு வருகிறது. பிள்ளைக்கு மட்டும் தனிச் சமையல் வேண்டாம், வீடு முழுதும் அதையே சாப்பிடட்டும்.

ஏறாவூர்: கல்யாணமாகி இரண்டு வருடம், பிள்ளை இல்லை. இந்த நோய் என்றால் பிள்ளையே கிடைக்காதா?

கிடைக்கும். முட்டை வெளிவர வைக்கும் மருந்துகள் நன்றாக வேலை செய்கின்றன. பெண்நோயியல் வைத்தியரிடம் கணவனும் மனைவியும் சேர்ந்து போங்கள். கர்ப்பத்துக்கு முன்பே சீனியைப் பாருங்கள்.

சம்மாந்துறை: சீனிக்கும் இந்த நோய்க்கும் கொடுக்கும் மெட்போமின் மாத்திரை எத்தனை மில்லிகிராம் எடுக்கலாம்?

அளவை இங்கே எழுத மாட்டேன். உங்களைப் பரிசோதித்தவரிடம் கேளுங்கள்.

செங்கலடி: கல்யாணம் செய்தால் சரியாகும் என்று மாமி சொல்கிறா...

மேலே வாழைச்சேனைக்குச் சொன்னதைப் படியுங்கள். இதற்கு இனிப் பதில் எழுத மாட்டேன். நோயை மறைத்துக் கல்யாணம் செய்துவைத்த பிள்ளைகள் மருந்தையும் ஒளித்து வைத்து, பிறகு அடியோடு விட்டுவிடுகிறார்கள்.

காரைதீவு ஐயாவின் மகன்: எனக்கு 27 வயது. அப்பா இன்னும் யோசிக்கிறார். நான் போகலாமா?

போங்கள் தம்பி. தங்கையின் கிளினிக் கொப்பியையும் கையோடு கொண்டுபோய் வெளிநோயாளர் பிரிவில் காட்டுங்கள். முதல்நாள் இரவு பத்து மணிக்குப் பிறகு தண்ணீர் மட்டும். காலையில் பிளேன்டீயும் கூடாது. இரண்டாவது முறை இரத்தம் எடுக்கும்வரை வெளியே போகாமல் அங்கேயே இருங்கள்.