அம்மாவின் வெற்றிலைப் பை

அன்புள்ள அக்கா,
நான் இலங்கை மலையகத்தில், ஹட்டன் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டப் பாடசாலையில் ஆசிரியன். சிகரெட் வரியைக் கூட்டினால் முதலில் விடுகிறவர்கள் ஏழைகள்தான், அதனால் நோயில் உள்ள ஏற்றத்தாழ்வும் குறையும் என்று படித்தேன். இது மலையகத்துக்கும் பொருந்துமா? ஒற்றை சிகரெட் விற்பதைத் தடுத்தால் பயன் உண்டா? நம் மக்களின் அறியாமையை எப்படிப் போக்குவது? இன்னும் கொழுந்து பறிக்கும் என் அம்மா வெற்றிலையை விடவில்லை. கோபத்தில் அவருடைய பையை அடுப்பில் போட்டுவிட்டேன். மூன்று நாளாக என்னோடு பேசவில்லை.

அன்புள்ள தம்பி,

வரி வேலை செய்யும். விலை ஏறினால் கையில் காசு குறைந்தவர்தான் முதலில் குறைப்பார். ஒற்றை சிகரெட்டையும் தடுக்கட்டும், எனக்கு மறுப்பில்லை.

ஆனால் உங்கள் அம்மா சிகரெட் பிடிப்பதில்லையே! 2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கப் புகையிலை, மதுசாரச் சட்டம் வந்தது, 21 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு விற்கக்கூடாது என்றார்கள். 2015இல் சிகரெட் பெட்டியின் 80 வீதத்தில் எச்சரிக்கைப் படம் வந்தது. 2016இல் பாக்கெட்டில் வந்த புகையிலைக் கலவைகளுக்குத் தடை போட்டார்கள். எல்லாம் நல்ல காரியங்கள். ஆனால் தோட்டத்துக் கடையில் வெற்றிலையோடு மெல்லக் காய்ந்த புகையிலையை ஒரு துண்டு நறுக்கிப் பேப்பரில் சுற்றித் தருகிறார்களே, அதில் படத்தை எங்கே ஒட்டுவது? இந்த நாட்டில் ஆண்களுக்கு வரும் புற்றுநோய்களில் முதலிடம் வாய்ப்புற்றுக்கு. மலையில் அது பெண்களையும் விட்டுவைப்பதில்லை. புகையிலையை மட்டும் விட்டால் போதும் என்றும் நினைக்க வேண்டாம். பாக்கே புற்றுநோயைத் தரும் என்று சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2004இல் வெளியிட்ட நூலிலேயே சொல்லிவிட்டது.

அறியாமை என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தச் சொல்லுக்காக உங்கள் மேல் எனக்குக் கோபம். விடியற்காலைப் பனியில், ஆள் கணக்கெடுத்து வேலை பிரிக்கும் பெரட்டுக்குப் போய், ஒரு துண்டு ரொட்டியோடு மத்தியானம் வரை மலையில் நிற்கிறவருக்குப் பசியை அடக்குவது அந்த வெற்றிலைதான். குளிருக்கும் அதுதான். பக்கத்து நிரையில் நிற்பவளோடு இரண்டு வார்த்தை பேசக் காரணமும் அதுதான். அதை அடுப்பில் போட்டீர்களே, பதிலுக்கு என்ன கொடுத்தீர்கள்?

என் அம்மாவுக்குப் புகையிலை வாங்கிக் கொடுத்தவள் நான். பாடசாலை விட்டு வரும் வழியில் தினமும் வாங்குவேன். ஒரு வருஷம் அம்மா சம்பலில் கொச்சிக்காயைக் குறைக்கத் தொடங்கினார். உறைப்பாகச் சாப்பிட்டுப் பழகிய வீடு எங்களுடையது. நாங்கள் சத்தம் போட்டோம், அம்மா ஒன்றும் சொல்லவில்லை. அப்புறம் ரொட்டியைத் தேத்தண்ணீரில் நனைத்துச் சாப்பிட்டார். மூன்று விரல் நுழைய வேண்டிய வாயில் இரண்டு விரல்கூட நுழையாத நிலை வந்தபிறகுதான் எங்களுக்குப் புரிந்தது. தோட்டத்து டிஸ்பென்சரியில் விற்றமின் குளிசை கொடுத்து அனுப்பினார்கள். வாயைத் திறக்கச் சொல்லிப் பார்க்கவில்லை. கண்டிக்குப் போகச் சொன்னபோது அம்மா கேட்டது ஒன்றே ஒன்று: "போய்வர ரெண்டு பேர் போயிருமே?"

தோட்டத்தில் ஒரு நாள் வேலைக்குப் பதிவாகும் சம்பளத்தைப் பேர் என்போம். இரண்டு நாள் பேர். கொழுந்து மும்முரமான மாதம் வேறு. முடியட்டும் என்றார். அது முடிந்தபோது கன்னத்தின் உள்ளே கொட்டைப்பாக்கு அளவுக்குக் கட்டி. அடுத்த தைப்பொங்கலுக்கு அம்மா இல்லை.

அதனால்தான், மலையகத்தில் புகையிலையால் வரும் நோயைக் குறைக்க என்ன செய்யலாம் என்று யார் கேட்டாலும் நான் இதையே சொல்கிறேன். கொழுந்து நிறுக்கும் இடத்துக்கு ஒருவர் டோர்ச்சோடு வரவேண்டும். வேலை நேரத்தில், பேர் வெட்டாமல், ஒவ்வொருவர் வாயையும் பார்க்க வேண்டும். சந்தேகம் வந்தால் ஆஸ்பத்திரிக்குப் போகும் நாளுக்கும் பேர் போட வேண்டும். இதற்கு வைத்தியர்கூட வேண்டியதில்லை. 1980களிலேயே இலங்கையில் ஆரம்ப சுகாதாரப் பணியாளர்களை வைத்து வாயைப் பரிசோதித்துப் பார்த்திருக்கிறார்கள். திருவனந்தபுரத்தில் 1996இல் தொடங்கிய ஆய்வில் பயிற்சி பெற்ற பணியாளர்கள் வீடுவீடாகப் போய் வாயைப் பார்த்தார்கள். புகையிலை, மதுப் பழக்கம் உள்ளவர்களிடையே வாய்ப்புற்று மரணம் மூன்றில் ஒரு பங்கு குறைந்தது என்று அதன் முடிவு 2005இல் வெளிவந்தது. டோர்ச் எல்லாரிடமும் இருக்கிறது. அந்தப் பேரைத்தான் யாரும் போட மாட்டேன் என்கிறார்கள். சம்பளப் பேச்சுவார்த்தையில் எத்தனையோ கேட்கும் தொழிற்சங்கங்கள் இதையும் ஒரு வரியாகச் சேர்த்துக் கேட்கக் கூடாதா?

சரி, உங்கள் அம்மாவுக்கு வருகிறேன். முதலில் மன்னிப்புக் கேளுங்கள். சம்பல் வாயில் எரிகிறதா என்று கேளுங்கள். பகல் வெளிச்சத்தில் வாசலில் உட்காரவைத்துக் கன்னத்தின் உள்பக்கம், நாக்கின் அடி, ஈறு எல்லாம் பாருங்கள். துடைத்தாலும் போகாத வெள்ளையோ சிவப்போ, இரண்டு வாரம் தாண்டியும் ஆறாத புண்ணோ இருந்தால் பேராதனைப் பல் வைத்தியசாலைக்குக் கூட்டிப் போங்கள். நீங்கள் ஆசிரியர், லீவு போட்டாலும் உங்களுக்குச் சம்பளம் வரும். அம்மாவின் அன்றைய பேருக்கான காசை முதல் நாளே அவர் கையில் கொடுத்துவிடுங்கள்.

அன்புடன்,
அக்கா