தோற்கும் கோச்சுக்கு எத்தனை வருடம் கொடுக்கலாம்?

கேள்வி: அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்தில் ஓர் அணி தொடர்ந்து தோற்றால் பயிற்சியாளரிடம் பொறுமை காட்ட வேண்டுமா, சீக்கிரமே மாற்றிவிட வேண்டுமா?

2022-ல் வேலைக்காகக் கென்டக்கி மாநிலத்து லூயிவில் நகரத்துக்கு வந்தேன். அதுவரை கூடைப்பந்து என்றால் எனக்குப் பள்ளி மைதானத்தில் வலை இல்லாத வளையத்தோடு நின்ற இரண்டு கம்பங்கள்தான். அலுவலகத்தில் பக்கத்து மேசைக்காரர் அறுபதை நெருங்கியவர். லூயிவில் பல்கலைக்கழக அணி என்றால் உயிர். சீசன் முழுவதற்கும் இரண்டு டிக்கெட் வைத்திருந்தார். அவர் மனைவி வர மறுத்ததால் அந்த இருக்கை எனக்குக் கிடைத்தது. ஏன் மறுத்தார் என்பது போகப்போகப் புரிந்தது.

அந்த வருடம்தான் கென்னி பெய்ன் புதிய கோச்சாக வந்திருந்தார். ஊர்க்காரர்களுக்கு அவர் வெளியாள் இல்லை. 1986-ல் லூயிவில் தேசியப் பட்டம் வென்றபோது முதலாண்டு மாணவராக அந்த அணியில் இருந்தவர். பிறகு பரம எதிரியான கென்டக்கி பல்கலைக்கழகத்தில் பத்து வருடம் துணைப் பயிற்சியாளராக இருந்து, இளம் வீரர்களை வளர்த்தெடுப்பதில் பேர் வாங்கியவர். அப்படிப்பட்டவர் வந்தார், சீசன் தொடங்கியது, முதல் மூன்று ஆட்டங்களிலும் ஒரே ஒரு புள்ளி வித்தியாசத்தில் தோல்வி. தொடர்ந்து ஒன்பது தோல்விகளுக்குப் பிறகுதான் முதல் வெற்றி. முடிவில் 4 வெற்றி, 28 தோல்வி.

நண்பர் அசரவில்லை. ‘டியூக் கதை தெரியுமா?’ என்று ஆரம்பித்தார். பொறுமை பற்றிப் பேச்சு வந்தால் இந்த நாட்டில் எல்லோரும் சொல்லும் கதை அது. 1980-ல் டியூக் பல்கலைக்கழகம் மைக் ஷஷெவ்ஸ்கி என்ற 33 வயதுக்காரரைக் கோச்சாக எடுத்தது. பெயரை உச்சரிக்கக் கஷ்டம் என்பதால் எல்லோருக்கும் அவர் ‘கோச் கே’. இரண்டாவது வருடம் 10 வெற்றி, 17 தோல்வி. மூன்றாவது வருடம் 11, 17. அந்தச் சீசனின் கடைசி ஆட்டத்தில் வர்ஜீனியாவிடம் 109-66 என்று வாங்கிக் கட்டிக்கொண்டார்கள். நன்கொடை தரும் பெரிய மனிதர்கள் ஆளை மாற்றச் சொல்லிக் கொதித்தார்கள். விளையாட்டுத் துறை இயக்குநர் டாம் பட்டர்ஸ் மசியவில்லை. 1984 தொடக்கத்தில் ஒப்பந்தத்தை நீட்டித்தே கொடுத்துவிட்டார். அப்புறம் ஐந்து தேசியப் பட்டங்கள், 2022-ல் ஓய்வு பெறும்போது 1,202 வெற்றிகள்.

இந்தக் கதையில் பாதியை விட்டுவிட்டுத்தான் எல்லோரும் சொல்கிறார்கள் என்பது என் எண்ணம். 11-17 என்று தோற்ற அந்த அணியில் ஆடியவர்கள் யார் என்று பாருங்கள். ஜானி டாகின்ஸ், மார்க் அலரி, ஜே பிலாஸ், டேவிட் ஹெண்டர்சன். நால்வரும் முதலாண்டு மாணவர்கள். அன்றைய விதிப்படி வேறு கல்லூரிக்கு மாறினால் ஒரு வருடம் ஆட முடியாது. ஆகவே அந்தப் பையன்கள் எங்கும் போகப் போவதில்லை. இன்னும் மூன்று வருடம் இங்கேதான் வளர்வார்கள். பட்டர்ஸ் வைத்தது குருட்டு நம்பிக்கை இல்லை. நாற்று நட்டாகிவிட்டது, பயிர் கண்ணுக்குத் தெரிந்தது, அறுவடைக்குக் காத்திருந்தார். அதே நால்வர் இறுதியாண்டில் அணியை 1986 தேசிய இறுதிப் போட்டிவரை கொண்டுபோனார்கள். அங்கே 72-69 என்று தோற்றார்கள். யாரிடம்? லூயிவில்லிடம், அதாவது பெய்ன் இருந்த அந்த அணியிடம்! இதை நண்பர் சொல்லும்போது அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே.

இன்று அந்த வயலுக்கு வேலி கிடையாது. 2021 முதல் ஒரு வீரர் ஒரு வருடம் ஆடாமல் உட்காரத் தேவையில்லாமல் ஒருமுறை கல்லூரி மாறலாம் என்றார்கள். 2024-ல் எத்தனை முறை வேண்டுமானாலும் மாறலாம் என்றாகிவிட்டது. இடையில் 2021 ஜூலை முதல் மாணவ வீரர்கள் விளம்பரங்களில் சம்பாதிக்கவும் வழி திறந்தது. இந்த வருடம் நட்டது அடுத்த வருடம் பக்கத்து ஊர் வயலில் கதிர் விடும். எனவே ‘பையன்கள் வளரட்டும்’ என்று காத்திருப்பதில் முன்னைப்போல் பொருள் இல்லை. அந்தப் பழைய முறையில் மிக அழகாக அணி கட்டியவர் வர்ஜீனியாவின் டோனி பென்னட். முதல் வருடம் 15-16, ஐந்தாவது வருடம் 30 வெற்றி. 2018 தேசியப் போட்டியில் முதல் தரவரிசை அணியாக இருந்து, தரவரிசையில் கடைசியான பதினாறாம் இடத்து அணியிடம் தோற்ற முதல் ஆண்கள் அணி என்ற அவமானம், மறு வருடமே தேசியப் பட்டம். அவரே 2024 அக்டோபரில், சீசன் தொடங்கச் சில வாரமே இருக்கும்போது, இந்தப் புதுச் சூழலுக்கு நான் ஏற்ற ஆள் இல்லை என்று விலகிக்கொண்டார்.

அதனால் எத்தனை வருடம் என்று என்னைக் கேட்டால், எதற்காகக் காத்திருக்கிறீர்கள் என்றுதான் திருப்பிக் கேட்பேன். முதல் வருடத்தை நான் கணக்கில் எடுக்க மாட்டேன். லூயிவில்லையே எடுத்துக்கொண்டால், பெய்ன் வரும்போது பழைய நிர்வாகக் காலத்து விதிமீறல் விசாரணை அணியின் தலைக்குமேல் தொங்கிக்கொண்டிருந்தது. நவம்பர் 2022-ல்தான் தீர்ந்தது. எந்த நல்ல வீரர் அப்படி ஓர் இடத்துக்கு வருவார்? ஆனால் இரண்டாவது வருடம் ஆட்கள் பெரும்பாலும் மாறியும் ஆட்டம் மாறவில்லை. ஒருவர் பந்தை வாங்கித் தட்டிக்கொண்டே நிற்பார், மற்ற நால்வர் வேடிக்கை பார்ப்பார்கள், கடைசி நொடியில் எறிவார். எனக்கே, அதாவது ஒரு வருட அனுபவம் உள்ள எனக்கே, அடுத்து என்ன நடக்கும் என்று சொல்ல முடிந்தது. 8 வெற்றி, 24 தோல்வி. 2024 மார்ச்சில் பதவி போயிற்று.

எங்கள் ஊருக்காவது இரண்டு வருடத்தில் முடிந்தது. ஜார்ஜ்டவுன் பட்ட பாடு பெரிது. அங்கே கோச் பேட்ரிக் யூயிங், 1984-ல் அந்தக் கல்லூரிக்குப் பட்டம் வாங்கிக் கொடுத்த நாயகன். 2021-22 சீசனில் தங்கள் லீகில் 19 ஆட்டங்களில் ஒன்றில்கூட வெற்றி இல்லை. அப்போதும் அவரை வைத்துக்கொண்டார்கள். அடுத்த வருடம் லீகில் தொடர் தோல்வி 29 வரை நீண்டது. 7-25 என்று முடித்த பிறகுதான் அனுப்பினார்கள். ஊர்ப் பிள்ளையைக் கைவிடத் தயங்குவதைப் பொறுமை என்று சொல்லிக்கொள்கிறோம் என்பது என் சந்தேகம்.

சரி, அவசரப்பட்டு மாற்றுவதற்கும் விலை உண்டு. 2021-ல் இந்தியானா பல்கலைக்கழகம் ஆர்ச்சி மில்லரை நான்கு வருடத்தில் அனுப்ப ஒரு கோடி டாலருக்குமேல் செலவாயிற்று. தனியார் நன்கொடையாளர்கள் கட்டினார்கள். கோச் போனால் வீரர்களும் கிளம்பிவிடுவார்கள். ஆனால் அதே கதவு வழியாக ஆட்கள் உள்ளேயும் வருவார்கள். பெய்னுக்குப் பிறகு வந்த பேட் கெல்சி ஏறக்குறைய முழு அணியையும் புதிதாகத் திரட்டினார். முதல் சீசனிலேயே 27 வெற்றி, 8 தோல்வி. லீக் இறுதிப் போட்டிவரை போய் டியூக்கிடம் தோற்றார்கள்.

அந்த இறுதிப் போட்டியை நண்பர் வீட்டில்தான் பார்த்தோம். அவர் மனைவியும் இந்த முறை உட்கார்ந்து பார்த்தார். அடுத்த சீசனுக்கு அந்த இருக்கை எனக்கு இல்லை என்பதையும் சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டார். பெய்னைப் பற்றி இப்போதும் நண்பரிடம் கேட்டால் 1986-ஐப் பற்றி மட்டும் பேசுவார்.