சொட்டு மருந்தால் போன பார்வை: வழக்கு யார் மேல்?

கேள்வி: தேவகோட்டைப் பக்கம் அரிசி ஆலையில் வேலை பார்க்கும் என் கணவருக்கு, ஆறு மாதம் முன்பு வேலை நேரத்தில் கண்ணில் உமி விழுந்தது. மருந்துக்கடையில் கேட்டு வாங்கிய சொட்டு மருந்தைப் பத்து நாள் விட்டோம். கருவிழி வெளுத்துவிட்டது. மதுரையில் பூஞ்சைக் கிருமி என்று சொல்லி, கருவிழி மாற்று அறுவை சிகிச்சை செய்தார்கள். கண் இருக்கிறது, பார்வை இல்லை. அந்த டாக்டர் மேல் வழக்குப் போடலாமா?

பதில்: வேண்டாம் அம்மா. மருந்துக்கடை மேல் போடுங்கள்.

புண் ஆழமாகி கண்ணே ஓட்டை விழும் நிலையில் செய்யும் கருவிழி மாற்றுக்குப் பார்வை இரண்டாம் பட்சம். கிருமி பிடித்த பகுதியை வெட்டி எடுத்து, தானமாக வந்த கருவிழியைத் தைத்து, கண்ணைக் காப்பாற்றுவதே முதல் வேலை. பார்வைக்காகப் பிறகு இன்னொரு மாற்று செய்ய முடியுமா என்று அந்த டாக்டரிடமே கேளுங்கள். சிகிச்சை பலிக்கவில்லை என்பதை மட்டும் வைத்து டாக்டரை அலட்சியக்காரர் என்று சொல்ல முடியாது. 2005-ல் ஜேக்கப் மேத்யூ வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கிவிட்டது.

நீங்கள் படம் அனுப்பிய பாட்டிலில் டெக்ஸாமெத்தசோன் என்றிருக்கிறது. ஸ்டீராய்டு. சிவப்பும் உறுத்தலும் குறையும். உள்ளே பூஞ்சை வளரும். டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கவே கூடாது. நம் ஊர்ப்பக்கம் இதைத் தலைவலி மாத்திரை போல எடுத்துக் கொடுப்பதைப் பார்க்கும்போது வயிறு எரிகிறது.

பாட்டிலைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். பில் இல்லையென்றால், போனில் பணம் அனுப்பிய கணக்கை எடுங்கள். மதுரையில் கேஸ் ஷீட்டையும், புண்ணைச் சுரண்டி எடுத்துப் பார்த்த பரிசோதனை அறிக்கையையும் எழுத்து மூலம் கேளுங்கள். 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பது 2002-ஆம் ஆண்டு மருத்துவ கவுன்சில் விதி. முதல் நாள் குறிப்பில் ‘ஸ்டீராய்டு சொட்டு விட்டிருக்கிறார்’ என்று இருந்தால் வழக்குக்கு அதுவே முதுகெலும்பு. நீங்கள் கோபப்படும் டாக்டர்தான் உங்கள் முக்கிய சாட்சி.

சிவகங்கை மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 2 ஆண்டுக்குள் மனுப் போட வேண்டும். மருந்துக்குக் கொடுத்த விலையை வைத்தே மனுக் கட்டணம்; அது சிறிய தொகை என்பதால், உங்களுக்குக் கட்டணம் கிடையாது.

ஆலையையும் விட்டுவிடாதீர்கள். இஎஸ்ஐ (தொழிலாளர் அரசுக் காப்பீடு) இருந்தால் அங்கே கேளுங்கள். இல்லையென்றால் ஊழியர் இழப்பீட்டுச் சட்டம் இருக்கிறது; 1923-ஆம் ஆண்டுச் சட்டமாக இருந்தது, 2025 நவம்பரிலிருந்து சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பில் சேர்ந்துவிட்டது. ஒரு கண்ணில் பார்வை மட்டும் போனால் சம்பாதிக்கும் திறனில் 30 சதவீத இழப்பு என்கிறது அதன் அட்டவணை. இதற்கும் 2 ஆண்டுதான் கெடு. இந்த வாரமே முதலாளிக்கு எழுத்தில் அறிவிப்புக் கொடுத்து, நகலில் கையெழுத்து வாங்கி வையுங்கள்.