பாடத் தெரிஞ்சா போதுமா?

கேள்வி: நான் நல்லா பாடுவேன், கீபோர்டும் வாசிப்பேன். ஆன்லைன்ல ரெண்டு நாள் கோர்ஸ் ஒன்னு இருக்கு, அதை முடிச்சுட்டு மியூசிக் தெரபிஸ்ட்டா வேலையை ஆரம்பிக்கலாம்னு இருக்கேன். பாட்டு கேட்டு யாருக்கும் கெடுதல் வந்ததில்லையே, அப்புறம் எதுக்கு இதுக்குப் போய் வருஷக்கணக்குல படிக்கச் சொல்றாங்க?

பதில்: கெடுதல் வரும். முதல்ல அதைச் சொல்லிடறேன், ஏன்னா உங்க கேள்வி முழுக்க அந்த ஒரு நம்பிக்கை மேலதான் நிக்குது. சில பாட்டைக் கேட்டாலே வலிப்பு வர்றவங்க இருக்காங்க, ரொம்ப அபூர்வம்தான், ஆனா மருத்துவத்துல அதுக்குத் தனிப் பேரே இருக்கு. குறைமாசத்துல பொறந்த குழந்தைக்கு சத்தமே பெரிய பாரம், அந்த வார்டுல 45 டெசிபலுக்கு மேல போகவேண்டாம்னு சிபாரிசு இருக்கு. மறதி நோய் வந்த ஒரு அம்மாவுக்கு அவங்களுக்குப் பிடிச்ச பாட்டுதானேன்னு ஹெட்போனை மாட்டிவிட்டுட்டு நாம போயிடறோம், அது செத்துப்போன புருஷனோட சேர்ந்து கேட்ட பாட்டா இருந்தா? ஹெட்போனைக் கழட்டத் தெரியாது, ஏன் அழறோம்னு சொல்லவும் வராது, பக்கத்துல ஆளும் இல்ல.

அந்தப் பக்கத்துல இருக்கற ஆள்தாங்க மியூசிக் தெரபிஸ்ட். அவங்க வேலை பாட்டு போடறது இல்ல, பாடி அசத்தறதும் இல்ல. எதிர்ல இருக்கறவரோட மூச்சு, முகம், கை, கால் எல்லாத்தையும் பார்த்துக்கிட்டே அந்த நிமிஷத்துக்கு என்ன தேவையோ அதுக்கு ஏத்த மாதிரி இசையை மாத்திக்கிட்டே இருக்கறது, எப்போ நிறுத்தணும்னு தெரிஞ்சு நிறுத்தறது.

பக்கவாதம் வந்து மூளையோட இடது பக்கம் அடிபட்டு பேச்சு போனவங்களை எடுத்துக்கோங்க. 'தண்ணி வேணும்'னு சொல்ல வாய் வராது, ஆனா சின்ன வயசுல பாடின பாட்டை வார்த்தை பிசகாம பாடிடுவாங்க சிலர். வீட்டுல இருக்கறவங்க அசந்துபோய் தினமும் அதையே பாடச் சொல்லுவாங்க, அவங்க சந்தோஷம் நியாயம்தான், ஆனா அதனால மட்டும் பேச்சு திரும்பிடாது, ஏன்னா அந்த வார்த்தைங்க பாட்டோட ஒட்டிக்கிட்டு இருக்கு, தனியா கழண்டு வராது. கழட்டறதுக்குன்னு ஒரு முறை இருக்கு, மெலடிக் இண்டோனேஷன் தெரபி, 1973ல வெளிவந்தது. தினசரி தேவைப்படற ஒரு சின்ன வாக்கியத்தை ரெண்டே ஸ்வரத்துல, ஒன்னு மேல ஒன்னு கீழ, மெதுவா இழுத்துப் பாட வெச்சு, ஒவ்வொரு அசைக்கும் நோயாளியோட இடது கையைத் தட்ட வைப்பாங்க. அப்புறம் தெரபிஸ்ட் தன் குரலை மெல்ல விலக்கிக்கணும், அதுக்கப்புறம் மெட்டையும் விலக்கணும், கடைசியில வெறும் பேச்சுதான் மிஞ்சணும். அடுத்தவங்க சொல்றது நல்லா புரியுது, பேசத்தான் முடியலங்கறவங்களுக்குத்தான் இது அதிகமா பலன் தருது, அது யாருன்னு முதல்ல கண்டுபிடிக்கணும், அதுக்கு ஸ்பீச் தெரபிஸ்ட்டோட உக்காந்து பேசணும். 2011ல தலையில குண்டடி பட்டு பேச்சு போன அமெரிக்க காங்கிரஸ் உறுப்பினர் கேபி கிஃபர்ட்ஸ் மறுபடி பேசக் கத்துக்கிட்டதுல மியூசிக் தெரபிக்குப் பெரிய பங்கு உண்டு. இந்த ரெண்டு ஸ்வர வேலையில உங்க குரல் எவ்வளவு இனிமைங்கறது எங்கங்க வருது?

பார்க்கின்சன், அதாவது உடம்பு நடுங்கி நடை தடுமாறற நோய், அது வந்தவருக்கு நடை பழக்கறதும் அப்படித்தான். முதல்ல அவர் ஒரு நிமிஷத்துக்கு எத்தனை அடி வைக்கறார்னு எண்ணணும், அதே வேகத்துல தாளம் கொடுக்கணும், கால் தாளத்துல உக்காந்ததுக்கு அப்புறம்தான் அஞ்சோ பத்தோ சதவீதம் ஏத்தணும். துள்ளலா இருக்கட்டும்னு வேகமான பாட்டு ஒன்னைப் போட்டுவிட்டா மனுஷன் தடுக்கி விழுந்துடுவார். குறைமாசக் குழந்தைங்க விஷயத்துலயும் இதே கதைதான். 2013ல வந்த ஒரு ஆய்வு, 11 ஆஸ்பத்திரியில 272 குறைமாசக் குழந்தைங்க, அதுல யாரும் ரெக்கார்டு போடல. பயிற்சி எடுத்த தெரபிஸ்ட் குழந்தையோட மூச்சைப் பார்த்துப் பார்த்து நேர்ல வாசிச்சாங்க, அப்பா அம்மா தங்களுக்குப் பிடிச்ச பாட்டைத் தாலாட்டா மாத்திப் பாடினாங்க, குழந்தையோட இதயத்துடிப்பு நிதானமாச்சு, அப்பா அம்மாவோட பதட்டமும் குறைஞ்சுது.

இதெல்லாம் ரெண்டு நாள்ல வராது. அமெரிக்கால டிகிரி, கூட 1200 மணி நேரம் மேற்பார்வையில பயிற்சி, அதுக்கப்புறம் தேர்வு. பிரிட்டன்ல பதிவு பண்ணாம மியூசிக் தெரபிஸ்ட்னு பேருக்குப் பின்னாடி போட்டுக்கறதே சட்டப்படி குற்றம்.

இன்னொன்னு, இந்தப் படிப்புல எது முடியாதுன்னும் சொல்லித்தருவாங்க. ஆட்டிசம் இருக்கற 364 குழந்தைங்களை வெச்சு 9 நாட்டுல நடந்த ஆய்வு 2017ல வந்துச்சு, அஞ்சு மாசம் தெரபி கொடுத்தும் சமூகத் தொடர்பு சம்பந்தப்பட்ட அறிகுறிகள்ல பெரிசா வித்தியாசம் தெரியல. அதே வருஷம் மனச்சோர்வு பத்தி, பல ஆய்வுகளைச் சேர்த்து அலசற காக்ரேன் அமைப்போட தொகுப்பு ஒன்னு வந்துச்சு, அது வழக்கமான சிகிச்சையோட இதையும் சேர்த்தா கொஞ்ச காலத்துக்காவது பலன் இருக்குன்னு சொல்லுச்சு. சேர்த்தா, கவனிங்க. இந்த ராகம் சுகருக்கு அந்த ராகம் பிபிக்குன்னு பட்டியல் போட்டு, மாத்திரையை நிறுத்திடலாம்னு சொல்றவங்களைப் பார்த்தா எனக்கு நிஜமாவே பயமா இருக்கு, கோவமும் வருது, அதை நம்பி ஒருத்தர் மருந்தை விட்டுட்டா அந்த உயிருக்கு யார் பொறுப்பு? உங்களுக்கு அந்தப் பட்டியலைத்தான் அந்தக் கோர்ஸ்ல கொடுப்பாங்களோன்னுதான் இவ்வளவு தூரம் எழுதறேன்.

உங்க ஆசையை நான் குறை சொல்லல. நோயாளிங்களுக்காக பாடணும்னு தோணுதுன்னா ஆஸ்பத்திரியில அனுமதி வாங்கிட்டுப் போய்ப் பாடுங்க, நல்ல காரியம், பாட்டுன்னு சொல்லியே பாடுங்க, சிகிச்சைன்னு சொல்லாதீங்க. சாகப்போறவங்க படுக்கை பக்கத்துல ஒரு மணி நேரம் உக்காந்துட்டு வீட்டுக்கு வந்து தூங்க முடியுதான்னும் அப்போ தெரிஞ்சுடும், இந்த வேலையில அது அடிக்கடி நடக்கும். அதுக்கப்புறமும் இதுதான் வேணும்னா முறையா படிங்க. எந்தக் கோர்ஸ்ல சேர்றதுக்கு முன்னாடியும் ரெண்டு கேள்வி கேளுங்க: நோயாளியோட எத்தனை மணி நேரம் பயிற்சி, நான் வேலை பாக்கறப்போ கூட இருந்து திருத்தப்போறது யாரு. ரெண்டுக்கும் தெளிவா பதில் வரலைன்னா பணத்தைக் கட்டாதீங்க.