பதில்: ஈறு இறங்கின வேருக்கு லேசர் வைக்கலாமா?

அண்ணே, யாங்கோனில் அம்மாவுக்கு ஈறு இறங்கி வேர் தெரியுது, சொத்தை வராம லேசர் வைக்கலாமான்னு கேட்டிருக்கீங்க. முதல்ல என்ன லேசர்னு கேளுங்க. கார்பன் டை ஆக்சைடுன்னா பல்லின் தாதுவைச் சூடாக்கி கார்பனேட்டைக் குறைக்கும். அதனால பல் அமிலத்தில் அவ்வளவு சீக்கிரம் கரையாது. டயோடு லேசர்னா பெரும்பாலும் ஈறு வேலைக்குத்தான். எதுவானாலும் ஃப்ளூரைடு பூசாம வெறும் லேசருக்குக் காசு கொடுக்காதீங்க. ஆதாரம் அதிகமும் ஆய்வகத்தோட நிக்குது. சூடு மிஞ்சினா வேரில் விரிசல் விழும்.

பிஎச்ங்கிறது அமில அளவு, எண் குறைஞ்சா அமிலம் கூடுதல். பல்லோட மேல்பூச்சான எனாமல் பிஎச் 5.5 வரை தாங்கும், வேர் 6.5 பக்கத்திலேயே கரைய ஆரம்பிக்கும். அதனால இனிப்பான டின்பால் டீயை நாள் பூரா உறிஞ்சினா எந்த லேசரும் காப்பாத்தாது. டாக்டர்கிட்ட 5000 பிபிஎம் (ஃப்ளூரைடு அதிகமா இருக்கிற) பேஸ்ட் கேளுங்க. தேய்ச்சுட்டுத் துப்பணும், கொப்பளிக்கக் கூடாது. ஏற்கெனவே சொத்தையாகி மெத்துனு ஆன இடத்துக்கு 38 சதவீத சில்வர் டயமின் ஃப்ளூரைடு, அதாவது சொத்தையை நிறுத்த டாக்டர் பூசுற மருந்து. அந்த இடம் கறுத்துடும், அம்மாகிட்ட முன்னாடியே சொல்லிடுங்க.